வாய்ப்புண்: எந்த நாளில் எந்த வெள்ளையணு, எந்த மருந்து

வாய்ப்புண்ணுக்கான களிம்பு பெரும்பாலும் நான்காம் நாள்தான் வீட்டுக்கு வந்து சேர்கிறது. முதல் நாள் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு மறந்துவிடுவோம். இரண்டாம் நாள் ரசம் பட்டதும் துள்ளுவோம். மூன்றாம் நாள் ‘உடம்புச் சூடு’ என்று இளநீர். நான்காம் நாள் பேசவே முடியாமல் போன பிறகு மருந்துக்கடை. அங்கே கிடைக்கும் களிம்பில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இருந்தால், அது தடுக்க வேண்டிய சேதம் அதற்குள் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். பத்தாம் நாள் புண் தானாக ஆறும். பெயர் களிம்புக்கோ இளநீருக்கோ போகும். அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து.

இங்கே பேசுவது அடிக்கடி வந்து போகும் புண்ணைப் பற்றி. மருத்துவர்கள் ஆப்தஸ் புண் என்பார்கள். வட்டமாக அல்லது முட்டை வடிவில் இருக்கும். நடுவில் வெளிறிய மஞ்சள், சுற்றிலும் சிவப்பு வளையம். உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரமும் அடியும், நாக்குக்குக் கீழே வாயின் தரை, தொண்டைப் பக்கத்து மெல்லண்ணம் ஆகியவைதான் இதன் இடங்கள். சுமார் ஐந்து பேரில் ஒருவருக்கு வருகிறது. பள்ளிப் பருவத்திலோ பதின்ம வயதிலோ தொடங்கி, நாற்பதைத் தாண்டும்போது பலருக்குத் தானாகக் குறையும். தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். எச்சில் தம்ளரால் தொற்றாது. இதைச் செய்வது வெளியிலிருந்து வரும் கிருமி அல்ல, நம் சொந்த வெள்ளையணுக்கள். அவற்றில் எது எந்த நாளில் வேலை செய்கிறது என்று தெரிந்தால், எந்த மருந்தை எப்போது போடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீரும்.

புண்ணுக்குள் நடப்பது

வாய்க்குள் எந்நேரமும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மூன்று வேளைச் சாப்பாட்டில் அந்நியப் புரதங்கள் வந்துபோகின்றன. இவை ஒவ்வொன்றையும் எதிர்த்துக் கிளம்பினால் வாயின் சவ்வு ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் அங்கே உள்ள டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் ஒரு பகுதிக்கு அடக்கி வைப்பதே வேலை. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று இவற்றுக்குப் பெயர். இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தைச் சுரந்து மற்ற செல்களின் வேகத்தைக் குறைப்பவை இவை. அடிக்கடி புண் வருபவர்களிடம் இந்த அடக்கும் பக்கம் பலவீனமாகவும், கிளப்பிவிடும் பக்கம் ஓங்கியும் இருக்கிறது. டி.என்.எஃப்-ஆல்பா, இன்டர்ஃபெரான்-காமா, இன்டர்லூக்கின்-2 ஆகியவை அந்தக் கிளப்பிவிடும் புரதங்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் புண் வருகிறது என்று சொல்வதுண்டு. சாதாரண ஆப்தஸ் புண்ணில் நடப்பது ஏறக்குறைய அதற்கு நேரெதிர்: சக்தி அளவுக்கு மீறி, தவறான இடத்தில் செலவாகிறது. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ பொடியையும் டானிக்கையும் இதற்காக வாங்குவதில் பொருளில்லை.

தொடக்கம் சின்னதாக இருக்கும். பிரஷ் இடித்திருக்கும், முறுக்கின் முனை குத்தியிருக்கும், கன்னத்தைக் கடித்திருப்போம். சில சமயம் கண்ணுக்குத் தெரிந்த காரணமே இருக்காது. அந்த இடத்தில் எரிச்சல், சுருக்கென்ற குத்தல், கொஞ்சம் தடிப்பு; பார்த்தால் லேசான சிவப்பு மட்டும். புண் திறப்பதற்கு முந்தைய இந்தக் கட்டம் ஒன்று முதல் மூன்று நாள் நீடிக்கும். அப்போது மேல்தோலுக்குக் கீழே உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றி சி.டி.4 வகை டி செல்கள் கூடுகின்றன. இவை நேரடியாக யாரையும் கொல்வதில்லை, மற்றவர்களைக் கூப்பிடுபவை. அருகிலுள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்களும் அழற்சியைக் கிளப்பும் தம் சரக்கைக் கொட்டுகின்றன. டி.என்.எஃப்-ஆல்பா ஏறியதும் இரத்தக் குழாயின் உட்சுவர் பசைபோல ஆகி, ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளையணுக்களைப் பிடித்து நிறுத்தி வெளியே அனுப்புகிறது. சவ்வின் செல்களும் தம் மேற்பரப்பில் அடையாளப் புரதங்களை அதிகமாகக் காட்டத் தொடங்குகின்றன. இலக்கு தயார்.

அடுத்து வருபவை சி.டி.8 செல்கள். இவை கொல்லும் செல்கள். சவ்வுச் செல்லோடு ஒட்டி, அதன் உறையில் துளையிட்டு, உள்ளே நொதியைச் செலுத்தி, அதைத் தானாகச் சாகவைக்கும். சவ்வு உரிந்து விழுந்ததும் புண் ‘திறக்கிறது’. கீழே இருந்த நரம்பு முனைகளுக்கு இப்போது மூடி இல்லை. புளி, உப்பு, காரம், சூடு எல்லாம் நேரடியாக அவற்றின் மேல் படும். காய்ச்சலும் வீக்கமும் இல்லாத பச்சைப்பயறு அளவுப் புண்ணுக்கு இவ்வளவு வலி இருப்பது அதனால்தான்.

திறந்த இடத்துக்கு நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் திரளாக ஓடிவரும். கிருமி உள்ளே நுழையாமல் காப்பது அவற்றின் வேலை. அந்த வேலைக்கு அவை கொலாஜனை அரிக்கும் நொதிகளையும் கொட்டுவதால் புண் கொஞ்சம் ஆழமாகும். இறந்த செல்லும் ஃபைப்ரின் என்ற உறைபுரதமும் சேர்ந்து மஞ்சள் கலந்த வெள்ளைப் படலமாகப் படியும். அதைச் சீழ் என்று நினைத்து நகத்தாலோ துணியாலோ தேய்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது சீழ் அல்ல. காயத்தின் மேல் பொருக்கு எப்படியோ, ஈரமான வாயில் இந்தப் படலம் அப்படி. தேய்த்தால் இரத்தம் வரும், ஆறும் கணக்கு மறுபடி முதல் நாளுக்குப் போகும்.

கடைசியில் மேக்ரோஃபேஜ்கள் குப்பையை அள்ள, மறுபடி சி.டி.4 செல்களின் கை ஓங்க, ஓரங்களிலிருந்து புதுச் சவ்வு நடுவை நோக்கி ஊர்ந்து வரும். வலி இந்தக் கட்டத்தில் சட்டென்று இறங்கும். சிறு புண்ணுக்கு மொத்தத்தில் 7 முதல் 14 நாள்; தழும்பு இருக்காது. சுண்டுவிரல் நகத்தின் அகலத்தை, அதாவது 10 மில்லிமீட்டரைத் தாண்டியது பெரும்புண். அது ஆற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், தழும்பும் விடும். 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் பத்துக்கணக்கில் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும் வகையும் உண்டு. அதன் பெயரில் ஹெர்ப்பிஸ் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஹெர்ப்பிஸ் வைரசுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கடினமான மேல் அண்ணமும், பல்லை ஒட்டிய கெட்டி ஈறும் கெரட்டின் என்ற உறுதியான பூச்சு உடையவை. ஆப்தஸ் புண் அங்கே வருவது அரிது. அங்கே சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாகத் தொடங்கி உடைந்தால், கூடவே காய்ச்சல் இருந்தால், முதலில் ஹெர்ப்பிஸ் வைரசை நினைக்க வேண்டும். இந்தப் பிரிவினை முக்கியம்: வைரஸ் புண்ணின் மேல் ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால், அதைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும் டி செல்களையே நாம் தூங்கவைக்கிறோம். குழந்தைக்கு வாயோடு உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் இருந்தால் அதுவும் வேறு வைரஸ் நோய். புகைப்பதை விட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் புண் கிளம்புவதற்கும் கெரட்டின்தான் ஒரு காரணம். புகையால் தடித்திருந்த பூச்சு மெலிகிறது. அதற்காக மறுபடி பற்றவைக்க வேண்டாம்.

சிவப்பு வளையத்தையும் கவனியுங்கள். அது வெள்ளையணுக்கள் வந்து சேர்ந்ததன் அடையாளம். ஆழமான புண் இருக்கிறது, வலிக்கிறது, ஆனால் சுற்றிலும் சிவப்பே இல்லாமல் வெளிறிக் கிடக்கிறது என்றால், அனுப்ப வேண்டிய நியூட்ரோஃபில்களே இரத்தத்தில் இல்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், தைராய்டுக்குக் கார்பிமசோல் எடுப்பவர்கள், மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்புண்ணும் காய்ச்சலும் அல்லது தொண்டை வலியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே முழு இரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூட்டு வாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மாத்திரை. சீட்டைத் தவறாகப் படித்துத் தினமும் விழுங்கினால் முதலில் அலறுவது வாய்தான்.

களிம்பு: நேரமும் கைப்பழக்கமும்

டிரையாம்சினலோன் 0.1 சதவீதம் கலந்த வாய்ப் பசைதான் வழக்கமான முதல் ஸ்டீராய்டு. தோலுக்குப் போடும் களிம்பு வேறு, இது வேறு. இதன் அடிப்படைப் பசை ஈரமான சவ்வில் ஒட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. குழாயின் மேல் வாய்க்கானது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுருக்கென்று தெரிந்த அன்றே, புண் திறப்பதற்கு முன்பே தொடங்கினால்தான் இதன் முழுப் பலன் கிடைக்கும். சி.டி.4 செல்களின் கூப்பாட்டை அடக்குவது இதன் வேலை. சி.டி.8 செல்கள் வந்து சவ்வை உரித்த பிறகு, உரிந்ததை இது ஒட்டவைக்காது. அப்போதும் வீக்கத்தையும் வலியையும் குறைக்கும், ஒரு மூடியாகவும் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அடிக்கடி புண் வருபவர்கள் வீட்டில் ஒரு குழாய் எப்போதும் இருக்கட்டும். மருத்துவர் ஒருமுறை பார்த்து, இது ஆப்தஸ்தான் என்று உறுதி செய்த பிறகு சொல்கிறோம் இதை.

போடும் முறையில்தான் பலர் தோற்கிறார்கள். சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, புண்ணின் மேல் சுத்தமான பஞ்சையோ டிஷ்யூவையோ மெல்ல ஒற்றி எச்சிலை எடுங்கள். தேய்க்காமல் ஒற்றுங்கள். அரை சென்டிமீட்டர் நீளப் பசை போதும். விரல் நுனியிலோ ஈரமான பஞ்சுக் குச்சியிலோ எடுத்து புண்ணின் மேல் வைத்து அழுத்துங்கள். மெல்லிய வழவழப்பான படலம் உண்டாகும். ஈறுக்குப் பற்பசை தேய்ப்பதுபோல் தேய்த்தால் பசை மணல் மணலாக உதிர்ந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். ‘ஒட்டவே மாட்டேங்குது’ என்ற புகாரில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இது, அல்லது எச்சிலை ஒற்றாமல் போட்டது. பிறகு அரை மணி நேரம் எதுவும் குடிக்கவோ தின்னவோ வேண்டாம். ஒரு நாளைக்கு 2 அல்லது 3 முறை, அதில் ஒன்று படுக்கும் முன். தூக்கத்தில் எச்சில் குறைவதால் இரவில் போட்டதுதான் அதிக நேரம் நிற்கும். 7 நாளில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

புண் நாலைந்து இருந்தாலோ, விரல் எட்டாத மெல்லண்ணத்தில் இருந்தாலோ பசை உதவாது. அங்கே கொப்பளிக்கும் ஸ்டீராய்டு எழுதித் தருவார்கள். கரையும் பீட்டாமெத்தசோன் 0.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 20 மில்லி தண்ணீரில் கரைத்து, மூன்று நிமிடம் வாயில் புரட்டி, துப்பிவிட வேண்டும். புண் இருக்கும் நாட்களில் மட்டும், தினமும் 4 முறை வரை. விழுங்கக் கூடாது. இதே மாத்திரையைக் கடையில் வாங்கி, ‘புண்ணுக்கு நல்லது’ என்று மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்தான பழக்கம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், சட்டென நிறுத்தினால் உடம்பு தள்ளாடும். எந்த ஸ்டீராய்டும் வாயில் கேண்டிடா பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். சிகிச்சையின் நடுவில் தயிர்த் திப்பிபோல வழித்தால் வரும் வெள்ளைத் திட்டு கன்னத்தில் தெரிந்தால் அது புண் மோசமானதல்ல, பூஞ்சை ஏறியது. அதற்கு வேறு மருந்து.

டாக்சிசைக்ளினைத் தண்ணீரில் கரைத்துக் கொப்பளிக்கச் சொல்வதும் உண்டு: 100 மில்லிகிராம் கேப்சூலைப் பிரித்து 10 மில்லி தண்ணீரில் கலக்கி, 2–3 நிமிடம், தினம் 4 முறை, 3 நாள். ஆன்டிபயாடிக் என்றாலும் இங்கே அது கிருமியைக் கொல்ல வரவில்லை. நியூட்ரோஃபில் கொட்டும் கொலாஜன் அரிப்பு நொதியை மட்டுப்படுத்த வருகிறது. 12 வயதுக்குள் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. வாய்ப்புண் என்றதும் அமாக்சிசிலின் வாங்கி விழுங்குவதற்கு மட்டும் எந்தக் கணக்கும் இல்லை.

வலிக்கு: 2 சதவீத லிக்னோகெயின் ஜெல்லைச் சாப்பாட்டுக்குச் சில நிமிடம் முன் புண்ணின் மேல் மட்டும் வையுங்கள். வாய் முழுக்கத் தடவினால் கன்னத்தை நீங்களே கடிப்பீர்கள். கடித்த இடத்தில் அடுத்த புண். பென்சிடமின் 0.15 சதவீதக் கொப்பளிப்பு நீர் முதலில் எரிந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். கோலின் சாலிசிலேட் கலந்த ஜெல்கள் பிரபலம். அவை ஆஸ்பிரினின் உறவு என்பதால் 16 வயதுக்குள் உள்ளவர்களுக்கு வேண்டாம். பென்சோகெயின் கலந்தவற்றை இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தடவவே கூடாது. இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குலைக்கும்.

குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் 10 மில்லி, ஒரு நிமிடம், இரு வேளை. புண் வருவதை இது தடுக்காது. திறந்த புண்ணில் பாக்டீரியா குடியேறுவதைக் குறைக்கும். பல் தேய்த்த கையோடு கொப்பளித்தால் பற்பசையின் நுரைப்பொருள் இதைச் செயலிழக்கவைத்துவிடும், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். தேநீரும் இதுவும் சேர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். வெதுவெதுப்பான ஒரு தம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளிப்பது எளியது, கெடுதலற்றது. உப்பையே எடுத்துப் புண்ணில் வைத்து அழுத்துவது, படிகாரம், கிராம்பு எண்ணெய், ஆஸ்பிரின் மாத்திரையை அதக்குவது ஆகியவை வேறு கதை. இவை சவ்வைச் சுட்டுவிடும். வலி போனதுபோல் தோன்றினாலும், புண் பெரிதாகலாம்.

கிளப்பிவிடுபவை

அடக்கும் செல்கள் பலவீனமானவருக்கு ஒரு சின்னக் கீறல் போதும். ஆகவே கீறலைக் குறைப்பதுதான் நம் கையில் உள்ள மலிவான வழி. மென்மையான பிரஷ்ஷை, குறுக்கே அறுக்காமல் பயன்படுத்துங்கள். உடைந்த பல் முனையைப் பல் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் மழுக்கிவிடுவார். கம்பி போட்டவர்கள் குத்தும் இடத்தில் அதற்கென விற்கும் மெழுகை உருட்டி ஒட்டலாம். புண் எப்போதும் ஒரே இடத்தில் வருகிறதென்றால் அது ஆப்தஸாக இருப்பதைவிட, அங்கே ஏதோ ஒன்று குத்துவதற்கே வாய்ப்பு அதிகம். ஆப்தஸ் இடம் மாறி மாறி வரும்.

பற்பசைப் பெட்டியின் பின்புறத்தில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்று இருக்கிறதா பாருங்கள். நுரை பொங்கவைப்பது இதுதான். சவ்வின் மேல் எச்சில் பூசிய மியூசின் வழவழப்பையும் இது கரைக்கும். இது இல்லாத பற்பசைக்கு மாறினால் சிலருக்குப் புண்ணின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியக் குறைகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. முடிவு தெரியக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வருவது ஒரு வாரம் வராததை வைத்துக் கணக்குப் போட முடியாது.

அதற்காகவே ஒரு சின்ன நோட்டு. தேதி, இடம், எத்தனை, எவ்வளவு பெரிது, என்று ஆறியது. கூடவே மாதவிடாய் நாள், தேர்வு அல்லது தூக்கமில்லாத வாரம், புதிதாகத் தொடங்கிய மாத்திரை. சில பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் வருவது இந்த நோட்டில்தான் பிடிபடும். நெஞ்சுவலிக்கு நிகோராண்டில் எடுப்பவருக்குப் பெரிய, ஆழமான, எந்தக் களிம்புக்கும் மசியாத புண் வருவதுண்டு. மருந்தை மாற்றினால்தான் ஆறும். அதை நீங்களாக நிறுத்தாமல் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தைக்குக் காய்ச்சலோடு சரியாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை புண் வருவது நோட்டில் தெரிந்தால், நியூட்ரோஃபில் எண்ணிக்கை 21 நாளுக்கு ஒருமுறை விழுந்து எழும் பிறவிக் கோளாறைத் தேட வேண்டும். ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையில் அது தப்பிவிடும். வாரத்துக்கு இரண்டு முறை, ஆறு வாரம் எடுத்தால்தான் பள்ளம் தெரியும்.

புண் இருக்கும் நாட்களில் அன்னாசி, தக்காளி, எலுமிச்சை, ஊறுகாய், தட்டை, முறுக்கு, வறுத்த வேர்க்கடலை வேண்டாம். புளித்த மோர்கூட எரியும். புளிக்காத தயிர்விட்டுக் குழைத்த ஆறிய சோறு, கஞ்சி, இட்லி இறங்கும்.

உடம்புச் சூடு, வயிற்றுப்புண் என்று சொல்வதற்கு வருவோம். இரைப்பைப் புண்ணை உண்டாக்குபவை பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பாக்டீரியாவும் வலி மாத்திரைகளும். வாயில் தெரிவது அதன் எதிரொலி அல்ல. ஆனால் குடலுக்கும் வாய்க்கும் வேறொரு உண்மையான தொடர்பு இருக்கிறது: கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும், குடலில் நாள்பட்ட அழற்சியான கிரோன் நோயும் முதலில் வாய்ப்புண்ணாகத் தலைகாட்டலாம். எடை குறைவு, அடிக்கடி வயிற்றுப்போக்கு, விடாத இரத்தசோகை கூட இருந்தால் அதைத் தேட வேண்டும். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் நல்ல சாப்பாடு, எரியாத சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடலாம். அதைச் சாப்பிட்டுக்கொண்டே பரிசோதனையை ஒரு வருடம் தள்ளிப்போடுவதுதான் தவறு.

இரத்தத்தில் தேட வேண்டியது

புண் அடிக்கடி வந்தால் ஒருமுறையாவது முழு இரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட் பாருங்கள். சவ்வுச் செல்கள் வேகமாகப் பெருகிப் புதுப்பித்துக்கொள்பவை. இரும்பு, பி12, ஃபோலேட் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் சவ்வு மெலியும், டி செல்களின் சமநிலையும் ஆடும். ஹீமோகுளோபின் சரியாக இருப்பதால் இரும்பு போதும் என்று பொருளல்ல. சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஃபெரிட்டின் 15க்குக் கீழ் என்றால் பற்றாக்குறை உறுதி. 30க்குக் கீழ் இருந்தாலே பல மருத்துவர்கள் இரும்பு தொடங்குவார்கள். காய்ச்சலோடு போய் எடுக்காதீர்கள், அழற்சி நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். பி12 ஒரு மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் குறைவு, 200 முதல் 300 வரை சந்தேகம்.

மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் பரிசோதனைக்குப் போவது அடுத்த பொதுத் தவறு. வாய்ப்புண் என்றாலே பி காம்ப்ளெக்ஸ் என்பது நம் ஊர்ப் பழக்கம். பத்து நாள் விழுங்கிய பிறகு எடுத்த பி12 அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பி12 குறைவாக உள்ளவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை தேறியதுபோல் தோன்றும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும். சுத்த சைவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அமிலத்துக்குப் பேன்டோபிரசோல் போன்றவற்றை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் ஆகிய மூவரும் பி12 பட்டியலில் முன்வரிசை.

பி12 விஷயத்தில் ஒரு சுவாரசியமான ஆய்வு உண்டு. 2009இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில், இரத்தத்தில் அளவு எப்படி இருந்தாலும், தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 நாக்குக்கடியில் வைக்கச் சொன்னார்கள். ஆறாவது மாதத்தில் மருந்து எடுத்தவர்களில் 74 சதவீதத்தினருக்குப் புண்ணே இல்லை; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம். பங்கேற்றவர்கள் 58 பேர்தான் என்பதால் இதைச் சட்டமாக எடுக்க வேண்டாம். ஆனால் செலவும் தீங்கும் குறைந்த முயற்சி. முதல் மாதங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். இரும்பு மாத்திரைக்கும் அதே பொறுமை வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிறையும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ கூடாது.

களிம்பைத் தாண்டி

பெரும்புண்ணோ, ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வரும் நிலையோ இருந்தால் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துகள் உண்டு. கால்ச்சிசின் 0.5 மில்லிகிராம் நியூட்ரோஃபில்களின் உள்சட்டகத்தைக் குலைத்து அவை ஓடிவருவதைத் தடுக்கும். வயிற்றுப்போக்கு வரும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து, கிளாரித்ரோமைசினோடு சேரவே கூடாது. டாப்சோன் என்றால் முதலில் ஜி6பிடி நொதிப் பரிசோதனை. டி.என்.எஃப் உற்பத்தியைக் குறைக்கும் அப்ரெமிலாஸ்ட், பெஹ்செட் நோயின் வாய்ப்புண்ணுக்காக 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

துருக்கியத் தோல் மருத்துவர் ஹுலுசி பெஹ்செட் 1937இல் விவரித்த நோய் அது. வாய்ப்புண் வருடத்துக்கு மூன்று முறையாவது வரும். கூடவே பிறப்புறுப்பில் புண், கண் சிவந்து மங்கல், காலில் வலிக்கும் கட்டிகள். இதில் நியூட்ரோஃபில்கள் எதற்கெடுத்தாலும் பாய்பவை. ஊசி குத்திய இடத்தில் ஒன்றிரண்டு நாளில் சீழ்க்கொப்புளம் எழும்புவதே ஒரு பரிசோதனை. வாய்ப்புண் உள்ளவருக்குக் கண் சிவந்து பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவர். அங்கே தாமதம் பார்வையைப் பறிக்கும்.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர், பாக்கை அதக்கிவைப்பவர், புகைப்பவர், குடிப்பவர் ஆகியோருக்கு இரண்டு வாரமாகியும் ஆறாத ஒற்றைப் புண்ணுக்குக் களிம்பை மாற்றிப் பார்க்கக் கூடாது. பழக்கம் எதுவும் இல்லாதவருக்கும் மூன்று வாரம்தான் எல்லை. நாக்கின் ஓரம், அடி, புகையிலை அதக்கும் கன்னம் ஆகியவற்றைக் கண்ணாடி முன் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆப்தஸ் புண்ணின் ஓரம் மெத்தென்றிருக்கும், தொட்டாலே உயிர் போகும். புற்றுப்புண்ணின் ஓரம் பெரும்பாலும் கட்டையாக, தடித்திருக்கும். ஆரம்பத்தில் வலிக்காமலும் இருக்கலாம். ஸ்டீராய்டு பட்டு இரண்டு நாள் தேறியதுபோல் தோன்றினாலும் ஏமாற வேண்டாம், மேலே உள்ள அழற்சிதான் அடங்கியிருக்கும். திசு எடுக்கும்போது மருத்துவர் புண்ணின் நடுவில் எடுக்காமல், ஓரத்தில் பாதிப் புண்ணும் பாதி நல்ல சவ்வும் வரும்படி எடுப்பார். நடுவில் எடுத்தால் இறந்த செல்லும் ஃபைப்ரினும்தான் கண்ணாடித் தகட்டில் இருக்கும். ‘அழற்சி மட்டுமே’ என்று அறிக்கை வந்து, புண் அப்படியே இருந்தால், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.